கடலாதெனியவும் இலங்காதிலகமும்: கம்பளைக் காலக் கோயில்கள் இரண்டு

பேராதனைக்குப் படிக்க வந்து ஓராண்டு கழிந்த பின்னரே கடலாதெனிய விகாரையை நான் முதன்முறையாகக் கண்டேன். அது எட்டாத் தொலைவில் இருப்பதன்று. கொழும்பு வீதியிற் பிலிமத்தலாவைச் சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கி, தவுலகலைப் பக்கமாகத் தெற்கே செல்லும் வீதியிற் சிறிது தூரம் நடந்தாற் போதும். எனினும் எம்மிற் பலர் நான்காண்டு இங்கு வாழ்ந்து, பட்டமும் பெற்று, அதனைக் காணாமலே ஊர் திரும்பிவிடுகின்றனர். நானும் அவ்வாறே திரும்பியிருப்பேன். விரிவுரைக் குறிப்பில் இருந்த ஒரு வரியே என்னை அங்கு இழுத்துச் சென்றது. ‘கம்பளைக் காலத் திராவிடப் பாணிக் கட்டடங்கள்: கடலாதெனிய, இலங்காதிலகம்’ என்பது அவ்வரி. ‘திராவிடம்’ என்ற சொல்லைக் கண்டதும், எம்முடையதொன்று அயலார் வீட்டில் இருக்கின்றது, அதனைப் போய்க் காணவேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. அவ்வெண்ணத்துடனேயே சென்றேன் என்பதை ஒளிக்காது கூறிவிடுதல் நன்று. இக்கட்டுரை பெரும்பாலும் அவ்வெண்ணத்திற்கு நேர்ந்ததைப் பற்றியதே.

உடன் வந்தவர் காலியைச் சேர்ந்த சிங்கள நண்பரொருவர். அவர் சிறுவயதிற் பெற்றோருடன் ஒருமுறை அங்கு சென்றவர். ‘நீர் அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கின்றது?’ என்று வழியிற் கேட்டார். ‘கல்’ என்றேன். அவருக்கு அந்த விடை வியப்பளித்திருக்கவேண்டும்.

கடலாதெனிய ஒரு மலைப்பாறையின் மேல் அமைந்துள்ளது. வெட்டிச் செதுக்கிய கருங்கற்களை அடுக்கி எழுப்பிய கட்டடம் அது. படிகளின் இருமருங்கிலும் யானையின் துதிக்கையுங் சிங்கத்தின் உடலுங் கலந்த உருவங்கள் காவல் நிற்கின்றன. படியேறியதும் முகமண்டபம். அதன் தூண்களில் ஆடுவோர், மத்தளம் முழக்குவோர் உருவங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. அதிட்டானத்தை நோக்கினேன். உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று எமது சிற்பநூலார் வரிசைப்படுத்தும் உறுப்புகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ண முடிந்தது. தூண்களின் மேற் போதிகை. அதற்கு மேல் உத்தரம். கர்ப்பக்கிருகத்தின் மேல் எழும் சிகரம் மட்டும் செங்கல்லாலானது. ஊரிற் சிறுவயது முதற் கண்ட கோயிற் புறச்சுவரின் இலக்கணமே இங்கும் பேசியது. உள்ளே செல்லாதவன் இதனைச் சிவன் கோயில் என்று கூறி, ஆணையிட்டும் உறுதிப்படுத்துவான்.

உள்ளே சென்றாலோ மகர தோரணத்தின் கீழ்ப் புத்தர் அமர்ந்திருக்கின்றார். தோரணத்திலே தேவர்கள் அவரைச் சூழ்ந்து நிற்கின்றனர். பெரிய கர்ப்பக்கிருகத்துடன் ஒட்டியதாகத் திருமாலுக்குத் தனிச் சந்நிதியொன்று உளது. அங்கு பூசை செய்பவர் கப்புறாளை, பிக்கு அல்லர். வெளியே பாறையின் மேல் ‘விஜயோத்பாய’ எனப்படும் தாதுகோபம் நிற்கின்றது. நடுவே பெரியதொன்றும், நாற்புறமும் சிறியன நான்குமாக, கூரைகளின் கீழ் அமைந்த அமைப்பு அது. கருங்கற் கோயிலுக்குப் பக்கத்தில் அந்த ஓட்டுக்கூரை தாதுகோபம் நிற்கும் காட்சி முதலிற் பொருந்தாதது போலத் தோன்றியது. சற்று நேரம் பாறையில் அமர்ந்து நோக்கிய பின்னர், பொருந்தாமை என் கண்ணில் இருந்ததேயன்றிக் கட்டடத்தில் இருந்ததன்று என உணர்ந்தேன்.

இங்குள்ள பாறைச் சாசனம் சிங்களத்தில் எழுதப்பட்டது. பேராசிரியர் பரணவிதான இதனை எபிகிறபியா செய்லனிக்காவின் நான்காந் தொகுதியிற் பதிப்பித்துள்ளார். நான்காம் புவனேகபாகு (1341–1351) ஆட்சிக்காலத்தில், 1344ஆம் ஆண்டில், தர்மகீர்த்தி என்னும் தேரர் இவ்விகாரையை எடுப்பித்தார் என்பதும், கட்டட வேலையை நடத்தியவர் கணேஸ்வராசாரி என்பதும் அதனால் அறியப்படும். தேரரைப் பற்றி அச்சாசனம் கூறும் இன்னொரு செய்தி மிகவும் நோக்கற்பாலது. ஆந்திர நாட்டுத் தான்யகடகத்தில், அதாவது அமராவதியில், ஈரடுக்குப் படிமமனை ஒன்றை அவர் புதுப்பித்தார் என்பதே அச்செய்தி. பதினான்காம் நூற்றாண்டிலும் அமராவதியிற் பௌத்தம் உயிருடன் இருந்தமைக்கு இந்தியச் சான்றுகளைத் தேடுவோர், இலங்கையின் மலைநாட்டுப் பாறையொன்றை நாடி வரவேண்டியுள்ளது.

கணேஸ்வராசாரி யார்? இவ்விடத்திலேதான் எம்மவர் அவசரப்படுவது வழக்கம். ஆசாரி என்ற பட்டம் கல்வினைஞருக்குத் தென்னிந்தியா எங்கும் வழங்கியது. அவர் தமிழரா, தெலுங்கரா, கன்னடரா என்பதைப் பெயரொன்றை மட்டுங் கொண்டு துணிதல் இயலாது. தேரருக்கும் அமராவதிக்கும் இருந்த உறவை நோக்கின் ஆந்திரத் தொடர்பும் எண்ணத்தக்கதே. கட்டடத்தில் விஜயநகரப் பாணியின் தொடக்கச் சாயலைக் காண்போரும் உளர். விஜயநகரம் தோன்றியது 1336இல். எட்டாண்டு இடைவெளியில் ஒரு பாணி பிறந்து கடல்கடந்து வந்தது என்பதைவிட, பாண்டி நாட்டிலும் அதன் வடக்கிலும் முன்பே வளர்ந்திருந்த மரபொன்று இரண்டிடங்களிலும் தழைத்தது எனக் கொள்வதே பொருத்தமாகும் என்பது என் கருத்து. 1311இல் மாலிக் கபூரின் படையெடுப்பு மதுரையைக் குலைத்தது. 1335 அளவில் அங்கு சுல்தான்களின் தனியாட்சி ஏற்பட்டது. கோயில் எடுப்பிக்கும் அரசர் இல்லாத நாட்டிற் சிற்பியர் குடிகள் என்ன செய்திருப்பர்? உளியுடன் வேலை கிடைத்த இடம் நோக்கிப் போயிருப்பர். இதற்குச் சாசனச் சான்று இல்லை, ஊகமே. ஆயினும் கைத்தொழில் மக்களின் வரலாறு பெரும்பாலும் அரச சாசனங்களுக்கு வெளியிலேயே நிகழ்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

நண்பகலளவிற் கடலாதெனியவிலிருந்து இலங்காதிலகம் நோக்கி நடந்தோம். சில கிலோமீற்றர் வழி. வயல்களும் கித்துள் மரங்களுமாகச் செல்லும் ஒடுங்கிய வீதி. தூரத்திலே பன்ஹல்கலைப் பாறையின் உச்சியில் வெண்சுவர்க் கட்டடம் தெரிந்தது. பாறையில் வெட்டிய படிகளில் ஏறியபோது நண்பர் மூச்சு வாங்கினார். நானும் வாங்கினேன், ஆனாற் காட்டிக்கொள்ளவில்லை.

இலங்காதிலகம் கடலாதெனிய எழுந்த அதே 1344ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சாசனம் சக வருடம் 1266 எனக் குறிக்கின்றது. எடுப்பித்தவர் சேனாலங்காதிகார என்னும் அமைச்சர். கட்டட வேலையை நடத்தியவர் ஸ்தபதி இராயர். ஆயினும் இரண்டும் ஒன்றுபோல் இல்லை. கடலாதெனிய கருங்கல், இதுவோ பெரும்பாலும் செங்கல். கடலாதெனிய தென்னிந்தியக் கோயிலைப் பின்பற்றி நிற்பது. இது பொலன்னறுவைப் படிமமனைகளின் பருத்த செங்கற் சுவர்களை நினைவூட்டுவது. நான்கு மாடியாக ஏறத்தாழ 80 அடி உயர்ந்து நின்றதென்பது வழக்கு; மேன்மாடிகள் அழிந்தபின் கண்டிப் பாணி ஓட்டுக்கூரை வேயப்பட்டுள்ளது. உட்சுவர்களில் உள்ளவை கண்டிக் கால ஓவியங்கள்.

கட்டடத்தின் திட்டமே என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. கிழக்கு வாயிலால் நுழைந்தாற் புத்தரைக் காணலாம். தேவர்களைக் காணவேண்டின் வெளியே வந்து, கட்டடத்தைச் சுற்றி, மேற்கு வாயிலால் நுழைதல் வேண்டும். புத்தரின் அறையைச் சூழ்ந்து செல்லும் சுவரின் மாடங்களில் தேவர்கள் நிறுத்தப்பட்டுள்ளனர். உபுல்வன், சமன், விபீஷணன், கணபதி, கந்தகுமாரன் என்போர் அவர்கள். ஒரே கட்டடம், ஒரே கூரை; ஆயின் வாயில் இரண்டு. புத்தர் நடுவிலும் தேவர் புறத்திலும் என்ற ஒழுங்கு வழிபடுவோருக்கு ஒன்றைத் தெளிவாக உணர்த்துகின்றது. தேவர்கள் விலக்கப்படவில்லை, ஆனாற் சமமாகவும் வைக்கப்படவில்லை. அவர்கள் காவலர். ‘இந்துவும் பௌத்தமும் கலந்த கோயில்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். கலத்தல் என்பது சோற்றிற் குழம்பு கலப்பது போன்றதாயின் இங்கு நிகழ்ந்தது அதுவன்று. யார் எங்கே நிற்பது, யாரை எந்த வாயிலால் அணுகுவது, யாருக்கு யார் பூசை செய்வது என்பன யாவும் நன்கு சிந்தித்து வகுக்கப்பட்டுள்ளன.

மேற்குப் பக்கத்து அரையிருளிற் கணபதியைக் கண்டதும் என் கை தானாகவே நெற்றிக்கு எழுந்தது. குட்டிக்கொள்ளப் போன கையைப் பாதியில் நிறுத்தினேன். நிறுத்தியது ஏன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. கப்புறாளை அதைக் கண்டுவிட்டார் போலும். ஒன்றும் சொல்லாது சற்று விலகி இடம் விட்டார்.

விபீஷணன் முன்னே நின்றபோது வேறொரு எண்ணம். எமக்கு அவன் இராமாயணத்தின் ஒரு பாத்திரம்; தமையனைத் துறந்தது தகுமா தகாதா என்று பட்டிமன்றத்தில் நாம் வாதிடும் பொருள். இங்கோ களனியிற் கோயில் கொண்டு நாட்டின் ஒரு பகுதியைக் காக்கும் தெய்வம். உபுல்வனோ குவளை மலரின் நிறத்தோன். தெவிநுவரையில் வழிபடப்பட்டுப் பிற்காலத்தில் திருமாலாகவே கொள்ளப்பட்டவன். ஆதியில் அவன் வருணனாதல் வேண்டும் என்று பரணவிதான வாதிட்டார். பிறர் அதனை ஏற்றிலர். ஒரு தெய்வம் பெயர் மாறாது பொருள் மாறுவதும், பொருள் மாறாது பெயர் மாறுவதும் இத்தீவின் சமய வரலாற்றில் ஓயாது நிகழ்ந்தவை. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரையை அவ்வூர்த் தமிழர் நாதனார் கோயில் என அழைத்தனர். நாதன் என்றாற் சைவனுக்குச் சிவன்; சிங்களப் பௌத்தனுக்குப் போதிசத்துவன். சோழர் காலத்தில் அவ்விகாரைக்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயரும் இருந்தது. அங்குள்ள தமிழ்ச் சாசனங்கள் விளக்கெரிக்கத் தானம் வழங்கியோரைக் குறிக்கின்றன. தமிழ்ப் பௌத்தர் என ஒரு மக்கட் பிரிவினர் ஈழத்தில் வாழ்ந்தமையை நாம் பாடசாலையிற் கற்கவில்லை என்பதை இவ்விடத்திற் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

இனி, அன்று நிகழ்ந்ததைக் கூறவேண்டும். இலங்காதிலகத்துப் பாறையிற் சிங்களச் சாசனத்துடன் தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டுள்ளது. விகாரைக்கு விடப்பட்ட நிலங்களும், அவற்றைப் பேணவேண்டிய கடமையும் அவ்விரு மொழிகளிலும் சொல்லப்பட்டன. இதனை நான் முன்னரே படித்திருந்தேன். ஒரு பௌத்த விகாரையிற் சிங்கள அமைச்சனின் தானம் தமிழிலும் எழுதப்பட்டமை எம் பெருமைக்குரிய செய்தியாக என் மனத்தில் இருந்தது. பாறையருகே நாம் நின்றபோது முதிய பிக்கு ஒருவர் வந்தார். நண்பர் வணங்கி, என்னைச் சுட்டி, இவர் யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவர், கல்வெட்டைப் பார்க்க வந்துள்ளார் என்றார். பிக்குவின் முகம் மலர்ந்தது. அவர் சிங்களத்திற் சொன்னதை நண்பர் எனக்குத் தமிழ்ப்படுத்தினார்: ‘மிகவும் நல்லது. எனக்குச் சிங்களப் பகுதி கொஞ்சம் விளங்கும். உங்கள் எழுத்தில் என்ன இருக்கின்றது என்று வாசித்துச் சொல்லட்டாம்.’

நான் குனிந்தேன். பாறை வெயிலிற் சுட்டது. எழுத்துகள் தெரிந்தன, ஆனால் அவை நான் அறிந்த எழுத்துகள் அல்ல. ககரம் ஒன்றை இனங்கண்டேன். யகரம் போலொன்று. இடையிடையே கிரந்த எழுத்துகள். மெய்க்குப் புள்ளி இல்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. ஒரு வரியைக்கூட வாசிக்க இயலவில்லை. பிக்கு பொறுமையாக நின்றார். ‘பழைய எழுத்து, ஹாமுதுருவே’ என்று நண்பர் எனக்காகச் சமாதானம் கூறினார். ‘ஆம், பழையது’ என்று அவரும் தலையசைத்து, இளநீர் அருந்துகின்றீர்களா என்று கேட்டார். அவர் என்னை இழிவாக எண்ணவில்லை. எனக்கோ பாறையில் நிற்கக் கூசிற்று. எம்முடையது என்று உரிமை கொண்டாட வந்தவன், எம்முடையதை வாசிக்கத் தெரியாமல் நின்றேன்.

வளாகத்திற்குத் திரும்பிய பின் நூலகத்திற் சில வாரங்கள் செலவிட்டேன். பரணவிதான 1960இல் பல்கலைக்கழகச் சஞ்சிகையில் இலங்காதிலகச் சாசனங்களைப் பதிப்பித்திருந்தார். ஒரு சிங்கள அறிஞர் தமிழ் வரிகளை எழுத்தெழுத்தாக வாசித்துத் தந்ததைக் கொண்டு நான் எம் முன்னோர் மொழியைப் பயின்றேன். அக்காலத்து அரசியலையும் அப்பொழுதே படித்தேன். நான் எதிர்பார்த்தது ஒன்று, கண்டது வேறொன்று. 1344ஆம் ஆண்டிலேயே இபுனு பதூதா இலங்கைக்கு வந்தார். புத்தளத்தில் அவரை வரவேற்ற ஆரியச்சக்கரவர்த்தி, சிவனொளிபாத மலைக்குச் செல்லப் பல்லக்கும் வழித்துணைக்கு யோகிகளையும் பிராமணரையும் அளித்தார் என அவர் எழுதினார். யாழ்ப்பாணத்து அரசன் ஒரு முஸ்லிம் யாத்திரிகனைச் சிங்கள நாட்டு மலைக்கு அனுப்பிய அதே ஆண்டிலே, கம்பளையிற் பௌத்த தேரர் ஒருவர் கணேஸ்வரன் என்ற பெயருடைய ஆசாரியிடம் விகாரை கட்டும் வேலையை ஒப்படைத்தார். பொற்காலம் என்று இதனை மயங்கிக் கூறுவார்க்கு மதவளைச் சாசனத்தைக் காட்டுதல் வேண்டும். 1359ஆம் ஆண்டைச் சேர்ந்த அச்சாசனம், மார்த்தாண்டப் பெருமாள் ஆரியச்சக்கரவர்த்தியின் சார்பில் மலைநாட்டிற் வரி தண்டுவோர் நியமிக்கப்பட்டதைக் கூறுகின்றது. பின்னர் அளகக்கோனார் அவ்வரி தண்டுவோரைத் தூக்கிலிட்டுப் போர் மூட்டினார் என்பது சிங்கள நூல்களின் கூற்று. அந்த அளகக்கோனார் குடியோ தென்னிந்தியாவிலிருந்து வந்த குடி. தமிழர் ஒரு பக்கம், சிங்களவர் மறு பக்கம் என்று வரிசை பிரித்து நிறுத்த முனையும் எவரையும் பதினான்காம் நூற்றாண்டு இவ்வாறு எள்ளி நகையாடுகின்றது. போரும் நிகழ்ந்தது, கோயிலும் எழுந்தது. ஒன்று மற்றொன்றைத் தடுக்கவில்லை.

இன்று இக்கோயில்களைப் பற்றி எழுதுவோர் இரு கூட்டத்தார். ‘தென்னிந்தியச் செல்வாக்கு’ என்ற ஒரு சொல்லால் கணேஸ்வராசாரியையும் ஸ்தபதி இராயரையும் கடந்து செல்வோர் ஒரு கூட்டத்தார். செல்வாக்கு என்பது காற்றில் மிதந்து வந்ததுபோல அவர்கள் எழுதுவர். உளி பிடித்த கை அவர்கள் கண்ணிற் படுவதில்லை. எமது பக்கத்திலோ, அதிட்டானமும் போதிகையும் கண்டவுடன் இது தமிழன் கோயில், கவர்ந்துகொள்ளப்பட்டது என்று எழுதுவோர் உளர். சாசனத்தை வாசித்தோர் இவ்விரண்டையும் எழுதார். எண்ணி எடுப்பித்தவர் சிங்களத் தேரர். அவர் ஆசாரியின் பெயரை மறைக்கவில்லை, தன் பெயருடன் கல்லிற் பொறித்தார். சேனாலங்காதிகார தன் தானத்தைத் தமிழிலும் எழுதச் செய்தது தமிழர்மேற் கொண்ட அன்பினால் என்று நான் கூறமாட்டேன். அதனை வாசித்து நடக்கவேண்டியவர்கள் அப்பகுதியில் இருந்தனர் என்பதே காரணமாதல் வேண்டும். அதுவே என்னைப் பொறுத்தவரை அன்பைவிடப் பெரிய செய்தி. உடுநுவரையில் 1344இல் தமிழ் ஒரு அலங்காரமாக அன்று, வேண்டப்பட்டதாக இருந்தது.

எம்பெக்கையைப் பற்றியும் எழுத எண்ணினேன். கந்தனுக்கு மூன்றாம் விக்கிரமபாகு (1357–1374) காலத்தில் எழுந்த தேவாலயம் அது. அதன் மரத்தூண்கள் தனிக்கட்டுரை வேண்டுவன. அன்று அங்கு செல்ல நேரம் இருக்கவில்லை. மாலை மழை மலையை மறைத்துவிட்டது.

மாதங்கள் மூன்று கழித்து, பதிப்பித்த வாசகத்தைக் கையால் எழுதிக்கொண்டு மீண்டும் பன்ஹல்கலைப் பாறைக்குச் சென்றேன். இம்முறை தனியே. முதிய பிக்கு அன்று விகாரையில் இல்லை. கண்டிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். பாறை நனைந்திருந்தமையால் எழுத்துகள் முன்னிலும் தெளிவாகத் தெரிந்தன. தாளையும் பாறையையும் மாறிமாறி நோக்கி, விரலால் தடவி, முதலிரு வரிகளை உரக்க வாசித்தேன். பூத்தட்டுடன் படியேறி வந்த தாயொருத்தியும் அவளது சிறுமகளும் நின்று கேட்டனர். சிறுமி தாயிடம் ஏதோ வினவினாள். தாய் என்னைப் பார்த்து, பின் பாறையைப் பார்த்து, விடை கூறினாள். என் சிங்களம் அத்துணைக்கு இன்னும் போதவில்லை. அவர்கள் கிழக்கு வாயில் நோக்கி நடந்தனர். நான் மூன்றாம் வரியைத் தொடங்கினேன்.